எச்சில் படாத ஒயின்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குச் சித்திரையில் சாப்பிட நேரம் இருக்காது. மார்கழியில் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் ஊரார் கண் நம் சாமான்கள் மேல் விழும். வீட்டில் ஏணி வைத்திருப்பவர்களுக்கும், டிரில்லிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வேதனை தெரியும். என்னிடம் இருப்பது வேக்குவம் பம்ப். கேஸ் நிரப்புவதற்கு முன்னால் குழாயில் இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்கிற மெஷின். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் அதை வைத்துத் தன் மெத்தையைச் சின்னதாக்கித் தரச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா டீச்சரிடம்தான் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

பரணி அசையக் கூடாது

சங்கரன்கோவிலில் எங்கள் கடைக்குப் பின் தெருவில் டீச்சர் வீடு. அவர் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், கேக்கோடு கொடுக்கிற திராட்சை ஒயின் அவர் கையால் போட்டதாகத்தான் இருக்கும். இப்போது சொந்த மகள் ஜெனிக்கே கல்யாணம். பரணியில், அதாவது ஊறுகாய் போடுகிற மாதிரிப் பெரிய பீங்கான் ஜாடியில், ஒயின் தயார். மேலே தெளிவு, அடியில் மண்டி. அந்தத் தெளிவை மட்டும் பாட்டிலுக்கு மாற்ற வேண்டும். டீச்சர் பரணியைச் சாய்த்தால் மண்டி அசையாது. ஆனால் தோளில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் வலது கை இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. அவர் வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் 'சார்', ஒரு தடவை சாய்த்துப் பார்த்து, மொத்தத்தையும் கலக்கி வைத்துவிட்டார். மறுபடி தெளியக் காத்திருந்ததில் கல்யாணம் கிட்டே வந்துவிட்டது. இது கெட்டால் வேறு போட நாள் இல்லை.

சென்னையில் இருக்கும் மகன், கடையில் வாங்கிவிடலாம் என்றானாம். சாரோ, வண்டியில் பெட்ரோல் எடுப்பதுபோல டியூபை வாயில் வைத்து உறிஞ்சி இறக்கிவிடலாம் என்றாராம். இரண்டு பேருக்கும் சேர்த்து டீச்சர் என்னிடம் பதில் சொன்னார்: "எம் மவ கல்யாணத்துக்குக் கடைச் சரக்கும் வேண்டாம், எச்சிப்பட்டதும் வேண்டாம். உங்க மெஷினக் கொண்டாங்க தம்பி, அது வாய் வைக்காதுல்லா."

கேனுக்கு வந்த கேடு

யோசனை என்னவோ சுலபம்தான். பாட்டில் வாயை அடைக்கிற ரப்பரில் இரண்டு ஓட்டை. ஒன்றில் பம்ப் டியூப், இன்னொன்றில் பரணிக்குப் போகிற டியூப். பாட்டிலுக்குள் இருக்கும் காற்றை எடுத்தால், அந்த இடத்துக்கு ஒயின் தானாக ஏறி வரும். நேரே போய்க் கல்யாண ஒயினில் கை வைக்க எனக்குப் பயம். கடையிலேயே ஒரு வாளித் தண்ணீரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

பாட்டிலுக்குப் பதிலாக அவசரத்துக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் கேன். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் கொஞ்சம் ஏறியது. அதற்குள் கேன் டப்டப்பென்று நாலு பக்கமும் ஒடுங்கி, வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. என்னோடு கடையில் வாஷிங் மெஷின் பார்க்கிற கணேசன் நிதானமாக எழுந்து வந்து பார்த்தான். "கேனுக்கு நெஞ்சுவலி வந்திட்டு அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்குவமா?"

பம்ப் போட்ட டீ

அடுத்தது கனமான கண்ணாடி பாட்டில். இது ஒடுங்கவில்லை. தண்ணீர் அழகாக ஏறி நிரம்பியது. நிரம்பிய பிறகும் ஏறியது. நான் சுவிட்சுக்குப் போவதற்குள் மிச்சத் தண்ணீர் பம்புக்குள் போய்விட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கோடையில் எங்கள் வீட்டு உலை கொதிப்பது அந்தப் பம்பை நம்பித்தான். உள்ளே இருந்த ஆயிலை வடித்தால், தண்ணீர் கலந்து வெள்ளை வெளேரென்று வந்தது. புது ஆயில் ஊற்றி ஓடவிட்டு, பழைய சத்தம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இத்தோடு போதும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ரோஷம் வந்துவிட்டது. பாட்டிலுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலை மாட்டினேன். எது பொங்கி வந்தாலும் அதில் விழட்டும், பம்ப் பக்கம் வர வேண்டாம். மறுபடி ஓட்டிப் பார்த்தேன், ஒரு சொட்டு தாண்டவில்லை. கணேசன் பார்வை மட்டும் வடித்த ஆயிலிலேயே இருந்தது. "பால் கூடிப்போச்சு அண்ணாச்சி. அடுத்த டீக்கு டிகாஷனக் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க."

டீச்சர் விரல்

ஆயில் வாடை ஒயினுக்கு ஆகாது என்று பம்பை டீச்சர் வீட்டு முற்றத்தில் வைத்து, டியூபை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்தேன். பரணி தரையில் இருந்த இடத்திலேயே இருந்தது. புது டியூபை ஓர் அகப்பைக் காம்பில் கட்டி, நுனி மண்டியைத் தொடாமல் இறக்கினேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் கேட்டார்: "சுவிட்சு முத்தத்துல இருக்கு. மண்டி வரப்போவுதுன்னா யாரு ஓடிப்போய் நிறுத்த?"

நியாயமான கேள்வி. பம்ப் டியூபில் பக்கவாட்டில் ஒரு சின்னத் திறப்பு வைத்தேன். அதை விரலால் மூடினால் ஒயின் ஏறும், விரலை எடுத்தால் நின்றுவிடும். "நீங்களே மூடுங்க டீச்சர்" என்றேன். அவர் வலது கையை மேஜைமேல் வைத்து, விரலை அழுத்தினார். டியூபில் சிவப்பாக ஏறியது. பாட்டில் மாற்றும்போது மட்டும், ஏறிய ஒயின் திரும்ப இறங்கி மண்டியைக் கலக்காமல் இருக்க, நான் பரணி டியூபை மடித்துப் பிடித்துக்கொண்டேன். வேறு எதற்கும் டீச்சர் என்னை விடவில்லை.

கடைசியில் மண்டி லேசாக அசைந்தது. சார் குனிந்து பார்த்து, "இன்னும் அரை பாட்டில் தேறும் ஸ்டெல்லா, விடாத" என்றார். டீச்சர் விரலை எடுத்துவிட்டார். பாட்டிலை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன், அந்தப் பக்கத்துக் கம்பிகள் தெரிந்தன. டீச்சர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு அழுதார். சார் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்: "ஏலே, கடையில ஒண்ணும் வாங்காத. ஒங்க அம்மையே ஊத்தியாச்சு."

ஊரில் பாதி ஃப்ரிட்ஜ்களைக் குளிர வைத்தவனுக்கு இப்போது 'ஒயின் அண்ணாச்சி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் ஒரு சொட்டுகூட என் நாக்கில் பட்டதில்லை என்றால் சொந்தப் பெண்டாட்டியே வாயை ஊதிக் காட்டச் சொல்கிறாள்.