இருபதரையில் நின்ற அமிலம்

கம்பெனியில் அவளுக்கு ‘சந்தேகம்’ என்றே பட்டப்பெயர். சோப்புத்தூளுக்கு வரும் சலவைச் சோடாவைச் சோதிப்பது பதினான்கு வருடமாக அவள் வேலை. பிறர் கழுவிய கண்ணாடிக் குடுவையை மறுபடி கழுவாமல் தொடமாட்டாள்.

அன்று கிடங்கிலிருந்து வந்த சோடாவை எடைபோட்டுக் கரைத்தாள். நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டு, அமிலம் நிரப்பிய அளவுக்குழாயான ப்யூரெட்டைத் திறந்தாள். சோடா சுத்தமாக இருந்தால், மஞ்சள் கரைசல் செம்மஞ்சளாக மாற இருபத்தைந்து மில்லி அமிலம் பிடிக்கும். இருபதரையிலேயே மாறிவிட்டது. அமிலத்தின் மேல் சந்தேகப்பட்டுப் புதிதாகத் தயாரித்தாள். ஈரமோ என்று சோடாவை உலர்த்திப் பார்த்தாள். அதே இருபதரை. நூற்றுக்கு எண்பத்திரண்டுதான் சோடா.

இன்னும் கொஞ்சம் கரைத்து, நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விட்டாள். பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டது. சாதாரண உப்பு!

மூட்டைகளை அனுப்புகிறவர் அவளுடைய அக்கா புருஷன்.

மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். “உப்பைக் கலந்தா எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா, அத்தான்?”

அக்கா தட்டை ணங்கென்று வைத்தாள். “யாரைப் பார்த்து என்ன பேசற!”

அத்தான் கோபப்படவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமே, இவர் எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம் கூடியது.

“நாளைக்கு லோடு வருது. லாரியிலயே நீயே ஒரு மூட்டையைப் பிரிச்சுப் பாரு” என்றார்.

பார்த்தாள். இருபத்தைந்து. சொட்டுக்கூடக் குறையவில்லை.

நேரே கிடங்குக்குப் போனாள். லாரி மூட்டைகளில் நீலநூல் தையல். கிடங்கின் பின்வரிசையில் பதினோரு மூட்டைகளில் வெள்ளைநூல்.

“எலி கடிச்சுது மேடம், தைச்சேன்” என்றார் கிடங்குக்காரர்.

“பதினோரு மூட்டையையுமா? அதுவும் வரிசையா, வாய்ப்பக்கமாவே கடிச்சுதா?”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளைநூல் மூட்டையைச் சோதித்தாள்: இருபதரை. காய்ச்சிய கரைசலிலிருந்து சோப்பைப் பிரிக்கக் கம்பெனியில் வைத்திருந்த உப்பைக் கலந்துவிட்டு, நல்ல சோடாவை வெளியே விற்றிருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மேனேஜர் முன்னால் ஒப்புக்கொண்டார், வேலை போயிற்று.

மறுபடி அக்கா வீட்டு வாசலில் நின்றாள். “தப்பு என் மேலதான், அத்தான்.”

“சோதிச்சது தப்பில்லம்மா. பாதி சோதிச்சதுமே தீர்ப்பு சொல்லிட்டியே, அதான்.”

அக்கா ஒரு மாதம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அடுத்த லோடோடு அத்தானிடமிருந்து ஒரு சீட்டு வந்தது: ‘எல்லா மூட்டையையும் பிரித்துப் பார்க்கவும்.’

அது கேலியா கோபமா என்று தெரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாள்.