காயம்பட்டவனின் இடம்

தாராபுரத்துக்காரரான மருதாசலம் 1974இல் நெய்வேலிச் சுரங்கத்தில் ஃபிட்டராகச் சேர்ந்தார். அவர் ஊர் முழுக்கக் கேட்கும்படி கோபப்பட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு விளையாட்டில் தொடங்கியது.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஷிஃப்ட் முடிந்ததும் சிலர் கேன்டீன் வாசலில் 'பேப்பர் கிரிக்கெட்' ஆடுவார்கள். டெஸ்ட் தொடர் தொடங்குமுன் உண்மையான ஆட்டக்காரர்களை ஆளுக்கோர் அணியாகப் பங்கிட்டுக்கொள்வர். அவர்கள் எடுக்கும் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் செய்தித்தாளில் பார்த்து, அந்தந்த அணிக்குச் சேர்ப்பவர் மருதாசலம். விதிகளும் அவர் வகுத்தவையே. ஒன்று மட்டும் ராஜாங்கம் சண்டையிட்டு வாங்கியது. ராஜாங்கம் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மேஸ்திரி. தன் அணியின் பந்துவீச்சாளர் முதுகு பிடித்துப் படுத்தபோது, "அடிபட்டவன் இடத்தை இன்னொருத்தன் புடிச்சிக்கிட்டா அது என்னய்யா நியாயம்?" என்று குதித்தார். காயம்பட்டவருக்கு மாற்றாள் எடுக்கலாம். அவர் தேறி வந்தால் மாற்றாள் விலகியே தீரவேண்டும் என்று முடிவாயிற்று.

முத்தாண்டிக்குப்பத்து ராமலிங்கமும் அந்த ஆட்டத்தில் உண்டு. ராஜாங்கத்தின் கீழ், கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அள்ளும் வேலை. ஒப்பந்தக்காரரின் லாரியிலிருந்து இறக்கிய இரும்பு உருளை சரிந்து அவன் கால்விரல்கள் நசுங்கின. புண் ஆறித் திரும்பியவனிடம், "உன் இடத்துல ஆள் போட்டாச்சு" என்றார் ராஜாங்கம்.

அன்று மாலையே செய்தித்தாளும் சிரிப்புமாகக் கேன்டீனுக்கு வந்தார். "நம்ம பௌலர் தேறிட்டான். மாத்து ஆளை எடுத்துட்டு இவனைப் போடுங்க."

மருதாசலத்துக்குக் காது சுட்டது. "ராமலிங்கமும் தேறித்தானுங்க வந்திருக்கான். அவனை எப்பப் போடுவீங்க?"

"அது வேலைங்க. இது விளையாட்டு."

"மூஞ்சி பாக்காத பௌலருக்கு முதுகு வலின்னா உங்களுக்கு நியாயம் பொங்குதுங்களா? கண்ணு முன்னால விரல் நசுங்கினவனுக்குப் பொங்காதா? எந்திரிச்சுப் போங்க. உங்க அணிக்கு இனி நான் கணக்குப் பார்க்கமாட்டேன்."

ராஜாங்கம் எழுந்து போனார். ஆனால் அங்கேயே ஓரமாக உட்கார்ந்திருந்த ராமலிங்கத்தின் முகம் மேலும் கறுத்தது.

"அவரை ஆட்டத்த வுட்டுத் தொரத்திட்டீங்க. அதுல எங்க வூட்டு அடுப்பு எரியுமாண்ணே? நீங்க பர்மனென்ட்டு. கத்திட்டு குவார்ட்டர்ஸுக்குப் பூடுவீங்க. நாளைக்கு நான் எங்க போய் நின்னுகினு இருக்கிறது?"

 மறுநாள் காலை மருதாசலம் ராமலிங்கத்தைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒப்பந்தக்காரரின் கொட்டகைக்குப் போனார்.

"பர்மனென்ட் ஆளுக்கு இங்க என்ன சோலி?" என்றார் ஒப்பந்தக்காரர்.

"உருளை சரிஞ்சதை நேர்ல பார்த்தவன் நானுங்க. நீங்க அந்த விபத்தைச் சுரங்க ஆபீஸுக்குத் தெரிவிக்கலை. இவனை இன்னைக்கு வேலைக்கு எடுக்கலைன்னா, நான் போய்த் தெரிவிப்பேன்."

ஒப்பந்தக்காரர் ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் தரையைப் பார்த்தார்.

"அப்போ புதுசா வந்த சாமிக்கண்ணுவை நிறுத்திடட்டுமா?"

"அவனையும் நிறுத்தக்கூடாதுங்க. அங்க கரி ரெண்டு பேரு அள்ளினாலும் தீராம கெடக்குது."

ராமலிங்கம் மண்வெட்டியோடு உள்ளே போகும்வரை மருதாசலம் அங்கிருந்து நகரவில்லை. அன்று அவருடைய ஷிஃப்ட் தவறிப்போயிற்று.