ஒரு முழ நூல்

கண்டக்டர் வேலையில் நான் கற்றது அவசரம் ஒன்றைத்தான். கடைசி ஆள் படியில் கால் வைப்பதற்குள் விசில் ஊத வேண்டும், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட வேண்டும். மாமல்லபுரத்துக்கும் கடப்பாக்கத்துக்கும் நடுவே முப்பது வருஷம் இப்படி அரக்கப்பரக்க ஓடினேன். டீ குடித்ததுகூட நின்றபடிதான். ஓய்வு பெற்ற மறு வருஷம் நெஞ்சு வலித்தது. செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து, "ரெண்டு மாசம் வீட்டுல உட்காருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு உட்காரத் தெரியாது. நெஞ்சு வலியைவிட அதுதான் பெரிய வியாதியாக இருந்தது.

என் மனைவி ஜாக்கெட் தைப்பவள். கடப்பாக்கத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அவளுடைய மிஷின் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சாக்கு. வெட்டிப் போட்ட துண்டுத் துணியெல்லாம் அதற்குள் போகும். உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு எட்டியது அந்தச் சாக்கு ஒன்றுதான். ஒரு நாள் இரண்டு துண்டுகளை எடுத்து, ஊசியில் நூல் கோர்த்து, சேர்த்துத் தைத்தேன். கோணல்மாணலாக வந்தது. ஆனால் தலையைத் தூக்கியபோது மணி பதினொன்று. காலையிலிருந்து ஒரு தடவைகூட நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததே இல்லை.

அப்போதே முடிவு செய்தேன், ஒரு பெரிய போர்வை தைப்பதென்று. சும்மா துண்டுகளை ஒட்டுவது இல்லை. நான் ஓடிய ரோட்டையே அதில் கொண்டுவந்துவிடுவது. கருப்பு லைனிங் துணியில் ரோடு. அதன் ஒரு பக்கம் முழுக்கக் கடல். ஊர்ப் பெண்களின் நீல ஜாக்கெட்டுகள் மிச்சம் வைத்தது அத்தனையும் அங்கே போயிற்று. பனைமரம், நண்டு, ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பச்சை பஸ்.

மனைவியின் தம்பி கடலுக்குப் போகிறவன். மீன் கொடுக்க வந்தவன் என் கையில் ஊசியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமா, பொம்பள வேல பாத்துகினு கீற?"

"நீ கரையில குந்திகினு வலைய தைக்கிறியே, அது இன்னா வேல?" என்றேன். "புடிச்சிகினு கீறது ஆம்பளையா பொம்பளையான்னு ஊசிக்குத் தெரியுமா?"

மீனை வைத்துவிட்டுக் கிளம்பினான். அடுத்த வாரம் வந்தபோது துணியைத் தடவிப் பார்த்து, "கடல்ல படகு வெச்சா எஞ்சின பின்னாடி வை" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனான். வைத்தேன்.

இந்த வேலைக்கு என்று சில சங்கதிகள் உண்டு. நூல் ஒரு முழத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நீளமாகக் கோர்த்தால் சிக்கும், சிக்கினால் கோபம் வரும், கோபத்தில் இழுத்தால் அறுந்துபோகும். அதைப் படிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கடல் காற்றில் ஊசி சீக்கிரம் துரு பிடிக்கும். பெண்கள் அதைத் தலைமுடியில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் தைப்பார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியில் குத்தி வைத்தேன். மேலே வைக்கிற துண்டின் ஓரத்தை நகத்தால் கீறி உள்ளே மடக்கி, அடித்துணியில் ஒன்றிரண்டு இழையை மட்டும் பிடித்துத் தைத்துக்கொண்டே போக வேண்டும். தையல் இருப்பதே தெரியக்கூடாது. நண்டின் ஒரு காலுக்கு எனக்கு ஒரு நாள் பிடித்தது. பத்துக் கால். அந்தப் பத்து நாளும் எனக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை.

படமெல்லாம் முடிந்த பிறகுதான் நிஜமான சுகம். அடியில் என் பழைய லுங்கிகள், நடுவில் இரண்டு மடிப்பாக நூல் புடவை, மேலே ரோடும் கடலும். மூன்றையும் சேர்த்துக் கடுகு கடுகாகத் தையல் ஓட்ட வேண்டும். ஊசி மூன்று துணியையும் தாண்டும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அது விரலுக்குத்தான் கேட்கும். கடலில் அலை மாதிரி வளைத்து வளைத்து ஓட்டினேன். தைத்த இடம் தொட்டால் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். வாரத்துக்கு ஒரு சாண் நகர்ந்தால் அதிகம்.

மனைவிக்கு அது பொறுக்கவில்லை. அவள் ஒரு நாளில் நாலு ஜாக்கெட் முடிக்கிறவள்.

"அத்த இப்டி குடு. அஞ்சு நிமிசத்துல ஓட்டிக் குடுத்துடறேன்."

"வேணாமே. பதறாத காரியம் சிதறாது."

"இத்த முப்பது வருசமா ஏன் சொல்லல? நாஸ்தா ரெண்டு நிமிசம் லேட்டானா வூட்டையே தூக்கி நிறுத்துவ."

நான் போர்வையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் செங்கல்பட்டுக்குப் போனோம். "இன்னொரு இடத்துல சின்ன அடைப்பு தெரியுது. இப்போதைக்கு மாத்திரையில பாக்கலாம்" என்றார் டாக்டர். சின்னது என்று அவரே சொல்லிவிட்டாரே என்று நான் வழியில் இறங்கி இளநீர் குடித்தேன். அவள் குடிக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரே கேள்வி, எப்போது முடியும், எப்போது முடியும் என்று. ஜாக்கெட் கேட்டு வருகிறவர்கள்கூட அவளிடம் இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

பென்ஷன்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக ஒரு நாள் செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். கல்யாண ஜாக்கெட் நிற்கிறது என்று அவள் வரவில்லை. தம்பியைத் துணைக்கு அனுப்பினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் திரும்பினால், கட்டில் மேல் என் போர்வை மடித்து வைத்திருந்தது. ஓரம் கட்டி, இஸ்திரி போட்டு, முழுசாக முடிந்திருந்தது.

விரித்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நேர் நேராக மிஷின் தையல். கடல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டுப்புத்தகமாகிவிட்டது. ஒரு கோடு என் பஸ்ஸின் நடுவிலேயே ஏறிப் போயிருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என்ன கத்தினேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அதுவே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் பதில் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை.

மறு நாள் காலையில் பிளேடை எடுத்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தேன். தைப்பதைவிடப் பிரிப்பது கஷ்டம். ஒவ்வொரு தையலாக அறுத்து, துணி கிழியாமல் உருவ வேண்டும். இரண்டு நாள் தட்டு மட்டும் சத்தமாக வந்து தரையில் உட்காரும். மூன்றாம் நாள் அவள் மிஷினை நிறுத்திவிட்டு எதிரில் வந்து குந்தினாள்.

"பிரிச்சிகினே இருந்தா எப்ப முடிப்ப?"

"முடியும்போது முடியும். உன்ன யாரு மிசின்ல ஓட்டச் சொன்னது?"

"நீ வாரத்துக்கு ஒரு சாண் தைக்கிற. நானும் அளந்து பாத்துகினுதான் கீறேன். இது முடிய இன்னும் ஒரு வருசம் ஆவும்." நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அதுக்குள்ள உனக்கு எதுனா ஆயிட்சினா, அரகொறையா கெடக்கிற இத்த வெச்சிகினு நான் இன்னாய்யா பண்ணுவேன்? தூக்கிப் போடவும் முடியாது, போத்திக்கவும் முடியாது. அதான், நீ கீறப்பவே முடிச்சிடலாம்னு ஓட்டிட்டேன்."

மூன்று நாளாக என் பஸ்ஸுக்காகத்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னை அளந்துகொண்டிருந்திருக்கிறாள். எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்:

"அதான் கையெழுத்து போட்டுட்டு வந்தேனேமே, உயிரோட கீறேன்னு. ஒரு வருசத்துக்குச் செல்லும்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு இன்னொரு பிளேடை எடுத்துக்கொண்டு மறு கோடியிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு வேகமான கை. பாதிக்கு மேல் அவள்தான் பிரித்தாள். வழியில் ஒவ்வொரு துண்டும் யாருடைய ஜாக்கெட், எந்தக் கல்யாணத்துக்குத் தைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது மறுபடியும் கடலில் இருக்கிறேன். அலை கோட்டைச் சுவர் வரை வந்திருக்கிறது. போன வாரம் ஒரு நாள் கை நன்றாக ஓடியது. அரைச் சாணுக்கு மேல் தைத்துவிட்டேன். சாயங்காலம் அவள் மிஷினை மூடிவிட்டு வந்து, வழக்கம்போல் விரலால் அளந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இன்னாய்யா அவசரம்?" என்றாள். "மெதுவா தைய்யி."

கடைசியாகப் போட்ட நாலு தையலைப் பிரித்துவிட்டு, டீ போடச் சொன்னேன்.