அத்தை பாடாத ஒப்பாரி

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் எங்கள் நாடகக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க போலந்திலிருந்து ஒருவர் வந்து இரண்டு மாதம் தங்கினார். எடுத்துக்கொண்டது பழைய கிரேக்க நாடகம். புருஷனைப் பறிகொடுத்தவள் அதில் புலம்ப வேண்டும். "உங்கள் ஊரில் எப்படி அழுவார்கள்? அதைக் கொண்டு வாருங்கள்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உலக நாடகத்தில் எங்கள் கரிசல் குரல்! மறுநாளே நாகலாபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

அங்கேதான் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. அவள் ஒப்பாரி வைத்தால் வேடிக்கை பார்க்க வந்தவனும் அழுதுவிட்டுத்தான் போவான். "ரெண்டு பாட்டு சொல்லுங்க அத்தே, எழுதிக்கிடுதேன்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் மாமா சீக்காகப் படுத்திருந்தார்.

"ஏலே, உயிரோட மனுசன் கெடக்குத வீட்ல ஒப்பாரியா கேக்குத? மொதல்ல வாயக் கழுவுலே!"

எங்கள் பக்கம் பிணம் விழாத வீட்டில் அந்தப் பாட்டை யாரும் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். அது தெரிந்துதான் கேட்டேன், கிறுக்குப் பயல்.

மூன்றாம் வாரம் மாமா இறந்துபோனார். மாலையோடு மஞ்சள் பைக்குள் டேப்ரிக்கார்டரையும் கொண்டுபோனேன். பெண்கள் கட்டிக்கொண்டு அழுத இடத்துக்குப் பின்னால் பையை வைத்தேன். "மலடின்னு சொன்ன வாயி மண்ணுக்குள்ள போகுதே" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு பாடினாள். அவள் யாரிடமும் வாய்திறந்து சொல்லாத சங்கதி அது. நானோ, டேப் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீ!

நாடகத்துக்கு நல்ல பேர். அடுத்த வருஷம் நாகலாபுரம் பள்ளிக்கூட மைதானத்திலும் போட்டோம். அத்தையை நானே கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தேன், சந்தோஷப்படுவாள் என்று. மேடையில் நடிகை அதே வரியை எடுத்ததும் கூட்டம் முழுக்க அத்தையைத் திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

சில வருஷம் கழித்து அப்பா இறந்தார். அத்தை வந்து தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவள் எடுத்துக் கொடுப்பாள் என்று பெண்கள் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், வாசலில் என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"மதினி, ஒங்க தம்பிக்கு ரெண்டு வார்த்தை சொல்லி அழக்கூடாதா?" என்று அம்மா கெஞ்சினாள்.

"அதான் ஒம் மவன் பொட்டியில பிடிச்சு வச்சிருக்கானே. அதப் போடச் சொல்லு."

அப்பாவை ஒப்பாரி இல்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனோம்.