மடியில் நாயோடு இருந்தவளின் படம்

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள அருங்காட்சியகம் அது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட, ஐந்நூறு ஆண்டு பழைய உருவப்படங்களின் கண்காட்சிக்கு நான் காவல் நின்றேன். விளக்கம் சொல்லும் பெண் தினமும் சொன்னதைக் கேட்டு எனக்கும் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. கவசம் அணிந்தவனின் கைக்கருகே மண்டையோடு: சாவு யாரையும் விடாது. இளைஞன் கையில் ஒற்றைக் கார்னேஷன் பூ: அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வணிகனின் மனைவி மடியில் சின்ன நாய்: அவள் கணவனுக்கு உண்மையானவள்.

அப்போது நான் கணவரை விட்டு வந்து ஐந்து வாரம். பெண்கள் காப்பகத்தில் இருந்தேன். அதன் முகவரி அவருக்குத் தெரியாது. வேலையிடம் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தபடி என்னருகே வந்து நின்றார்.

"இந்த நாய் என்னத்துக்கு?"

மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே சொன்னேன். "புருசனுக்கு உண்மையா இருக்கிறாள் எண்டு அர்த்தம்."

"அவளுக்கு விளங்கியிருக்கு. உனக்குத்தான் விளங்கேல்லை."

என் கூந்தலைப் பிடித்து, முகத்தைப் படத்தின் கண்ணாடியில் மோதினார். இரண்டாவது மோதலில் கண்ணாடி உடைந்தது. புருவம் கிழிந்து இரத்தம் கண்ணை மறைத்தது. கீழே விழுந்த என்னை விலாவில் உதைத்தார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று பதினாறு வருடம் சத்தமில்லாமல் அடி வாங்கியவள் நான். அன்று கத்தினேன். மறுபடி உதைக்க வந்த காலைக் கட்டிப்பிடித்து, பல் பதியக் கடித்தேன். அவர் சரிந்து விழுந்தார். அடுத்த அறைக் காவலர், ஒரு துருக்கியப் பெரியவர், ஓடிவந்து அவர் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கண்காட்சிப் பொறுப்பாளர் முதலில் படத்திடம்தான் ஓடினார். தாளுக்குச் சேதமில்லை என்று கண்ட பிறகே என் பக்கம் திரும்பினார். தன் கழுத்துச் சால்வையை உருவி என் நெற்றியில் அழுத்தியபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முன்பு இரண்டு தடவை பொலிஸிடம் படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறேன். இந்தமுறை மருத்துவமனையில், பொலிஸோடு வந்த மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, விழுந்தனீங்களோ?"

"இல்லை. அடிச்சவர். முதல் நாளில இருந்து சொல்லுறன், எழுதச் சொல்லுங்கோ."

சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது.

அவருக்குச் சிறை கிடைத்தது. தீர்ப்பு வந்த வாரம் அவருடைய தாய் டொரோண்டோவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, பொலிஸிடம் சொல்லிக் குடும்பத்தை அழித்தவள் என்று ஏசினார். முழுவதையும் கேட்டேன்.

"ஓம் மாமி, நான்தான் சொன்னனான்" என்றுவிட்டு வைத்தேன்.