பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடு என்றவன் நான்

முருகன் சந்நிதியில் என்னோடு தரையில் உட்காரும் அன்பர்களே, என்னை உங்களுக்குத் தெரியும். கிருத்திகை பஜனையில் தாளம் தப்பித் தட்டுகிறவன். சுண்டல் வரிசையில் மட்டும் ஒருநாளும் தப்பாதவன்.

என் மனைவி மலர்க்கொடியை நீங்கள் கோயிலில் பார்த்து ஐந்து வருடம் ஆகிறது. "அமெரிக்காவில் சமையல் வேலை" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அங்கே அவள் ஒரு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தாள். அதற்கு நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பதினாலு வருடமாக 'அடுத்த வருஷம் பர்மனென்ட்' என்று மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லும் வேலையையும் சம்பளமில்லாமல் பார்க்கிறேன். மலர் ஒரு மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவர் மூலம் ஒரு ஏஜெண்ட் வந்தார். அமெரிக்காவில் ஒரு குடும்பத்துக்குச் சமையல், எட்டு மணி நேர வேலை, தனி அறை, இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்றார். நானே பூ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள் போன் செய்தாள்.

"இன்னாங்க, பாஸ்போர்ட்ட கேக்கறாங்க. குடுக்கட்டுமா?"

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கேட் பாஸ் போடுவதற்கு அசல் அட்டைகளையெல்லாம் மேஸ்திரி கையில் கொடுத்துவிடுவோம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் சொன்னேன்.

"குடுத்துட்டு வேலையப் பாரு மலரு. நம்ம கேட் பாஸு மாதிரிதான். ஒரு வாரத்துல டீக்கறையோட திரும்பி வந்துடும்."

சிரித்தாள். கொடுத்துவிட்டாள். அது திரும்பி வரவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவாள். நான் சொல்லும் ஜோக்குக்கெல்லாம் சிரித்தாள். வீட்டில் இருந்தவரை என் ஜோக்குக்குச் சிரித்ததே இல்லை. அமெரிக்கா போனதும் இவளுக்கு ரசனை வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வீட்டம்மா பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மலர் துணி துவைக்கும் அறையில் படுத்ததும், விடிந்தது முதல் படுக்கும்வரை வேலை செய்ததும், அவளை வாசல் தாண்டவிடாமல் வைத்திருந்ததும் தெரியாது. வெளியே போனால் போலீஸ் பிடித்துச் சிறையில் போடும் என்று அவளை மிரட்டியிருக்கிறார்கள்.

பிறகு போன் நின்றது. ஒரு மாதம். இரண்டு மாதம். ஏஜெண்டின் நம்பர் வேலை செய்யவில்லை. என் மாமனார் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் கூப்பிடுவார்.

"மாப்ள, எம் பொண்ணு எப்பதான் வரும்?"

பஜனைக்கு வந்தேன். நீங்கள் பாடினீர்கள், நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். எனக்கு மந்திரம் தெரியாது. "முருகா, எனக்குத்தான் அறிவில்லை. நீயாவது அவளைப் பாத்துக்கோ" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

தைப்பூசம் வந்தது. அந்த ஊர் முருகன் கோயிலுக்குப் பொங்கல் செய்ய, பெருமைக்காக அந்தக் குடும்பமே அவளைக் கூட்டிப்போயிருக்கிறது. மடப்பள்ளியில் முந்திரி உடைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மாளிடம் அடுப்பைப் பார்த்தபடியே சொல்லியிருக்கிறாள்: "அக்கா, என்ன அடைச்சி வச்சிகினு இருக்காங்க. திரும்பிப் பாக்காதீங்க."

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு விலாசத்தை மட்டும் தெரிந்துகொண்டு போலீஸுக்குச் சொல்லிவிட்டார். நாலாம் நாள் போலீஸும் உதவி அமைப்பின் பெண்களும் அந்த வாசலில் நின்றார்கள்.

மலர் சிறைக்குப் போகவில்லை, ஒரு காப்பகத்துக்குப் போனாள். ஆள்கடத்தலில் சிக்கி மீண்டவர்களுக்கு அந்த நாட்டில் தனி விசா உண்டாம். அங்கேயே தங்கலாம், வேலை செய்யலாம், கணவன் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். எனக்கு ஆள்கடத்தல் என்றால் வாயைக் கட்டி வேனில் தூக்கிப்போடுவதுதான். பூ வாங்கிக் கொடுத்து ஏற்றிவிடுவதற்கும் அதுதான் பெயர் என்று அன்றுதான் புரிந்தது.

விண்ணப்பத்துக்கு என்னையும் ஒரு வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதினேன். படித்தால் எனக்கே விருது கொடுக்கத் தோன்றும். பாஸ்போர்ட் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அங்கே மலருக்காக விண்ணப்பம் போட்ட வக்கீலம்மா அதே இடத்தில் நின்றுவிட்டார். யாரும் மிரட்டாதபோது ஏன் கொடுத்தாய் என்று மலரைக் கேட்டாராம். மலர் வாய் திறக்கவில்லை.

அன்று போனில் கேட்டேன். "ஏன் மலரு சொல்லல?"

"நான் சொன்னா உங்கள காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுங்க. நீங்க சொன்னத நீங்களே எழுதுங்க."

அடைபட்டுக் கிடந்தவள் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். சந்நிதிப் படியில் உட்கார்ந்து மூன்று பக்கத்தையும் கிழித்தேன். 'கொடு என்று சொன்னவன் நான். அவள் என்னை நம்பிக் கொடுத்தாள்' என்று தொடங்கி எழுதி அனுப்பினேன்.

காத்திருந்தோம். முடிவு வரும்வரை அவள் நாட்டை விட்டு வந்தால் எல்லாம் போய்விடும் என்றார்கள். அந்தக் காத்திருப்பில்தான் மாமனார் போய்ச் சேர்ந்தார். எங்கள் மகள் யாழினி போனைப் பிடித்து அவர் முகத்தைக் காட்டினாள். "இன்னும் கிட்டக் காட்டு பாப்பா, இன்னும் கிட்ட" என்று மலர் கதறினாள்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு மறுவாரம் விசா வந்தது. அவளுக்கு வந்த பிறகு எனக்கும் யாழினிக்கும். பத்து வயதில் விட்டுப்போன மகளுக்கு இப்போது பதினைந்து. அடுத்த மாதம் கிளம்புகிறோம்.

முருகன் கொடுத்தான். நான் கேட்ட நேரத்தில் இல்லை, கேட்ட விதத்திலும் இல்லை. மாமனார் பார்க்கவுமில்லை. ஆனாலும் அந்த மடப்பள்ளிக்குள் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது அவன்தான் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் வெளிநாடு கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் வீடு தேடிப் போய் இதைச் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தத் துவைக்கும் அறையில், அலமாரிக்குப் பின்னால், மலர் ஒரு கண்ணாடி வளையலைக் கண்டெடுத்தாள். அவளுக்கு முன்னால் அங்கே யாரோ இருந்திருக்கிறாள். என்ன ஆனாள் என்று போலீஸுக்கும் தெரியவில்லை. நான் ஊரில் இல்லாத கிருத்திகைகளில், தூணுக்குப் பின்னால் என் இடத்தில் யாராவது உட்காருங்கள். பாட வராதவர்களும் வரலாம். பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்காக அவனிடம் கேளுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள்.