பரமற்றா வீதியில் இறங்கி நடந்தது

கார் ஓட்டும் பரீட்சையில் நான் எத்தனை தடவை தோற்றேன் என்பதை என் மனைவிக்கே சரியாகச் சொன்னதில்லை. ஒருமுறை பரிசோதகர் பாதி வழியில் என்னைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு திரும்பினார். என் மாமியோ யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மட்டுமே ஓட்டியவர். சிட்னிக்கு வந்த வருடமே, முதல் தடவையிலேயே தேறினார்.

என்னைப் போலத் தோற்றுக்கொண்டிருக்க அவருக்கு நேரமில்லை. மாமாவைப் போர் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் இருவரும் கொழும்பில், உறவினர் வீட்டில். அவர்களைக் கூப்பிட வேலை வேண்டும். கிடைத்ததோ முதியோர் இல்லத்தில், முதல் ரயிலுக்கு முன்பே தொடங்கும் வேலை. ஆகவே எங்கள் ஹோம்புஷ் பகுதித் தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தங்கள் கார்களிலேயே மாமிக்கு ஓட்டப் பழக்கினார்கள்.

வேலை தொடங்குவதற்கு முதல்நாள், அம்மாவையும் பத்து வயதான என்னையும் ஏற்றிக்கொண்டு மாமி கோயிலுக்குப் புறப்பட்டார். பரமற்றா வீதியில் ஒரு பொலிஸ்காரர் கை காட்டினார். குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று குழாயில் ஊதச் சொல்லிப் பார்க்கும் வழக்கமான சோதனை.

மாமி அழகாக ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"இறங்குங்கோ. ஒருத்தரும் கதைக்க வேண்டாம்."

லைசென்ஸை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி பொலிஸ்காரரைக் கடந்து நடந்தார். பின்னால் அம்மா. அவருக்குப் பின்னால் அர்ச்சனைத் தட்டோடு நான். கொஞ்சத் தூரம் போய் நின்று திரும்பினால், ஆளில்லாத காருக்குப் பக்கத்தில் ஊதுகுழாயும் கையுமாகப் பொலிஸ்காரர்.

கடைசியில் அவரே எங்களிடம் நடந்து வந்தார். மாமி லைசென்ஸை நீட்டினார். அது பறிபோனால் வேலை இல்லை, பிள்ளைகளும் கொழும்போடுதான். பொலிஸ்காரர் அதைத் தொடவேயில்லை. ஊதச் சொன்னார். மாமி ஊதினார். போகலாம் என்றார் பொலிஸ்காரர்.

மாமி என் காதருகே குனிந்தார். "காரையும் கொண்டு போகலாமோ எண்டு கேளடா தம்பி."

கேட்டேன். அந்த மனிதர் சிரிக்காமல் தலையாட்டினார்.

மறுநாள் மாமி வேலைக்குப் போனார். பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். பிறகு ஊரிலிருந்து வந்த எத்தனையோ பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அவர்தான்.

அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாழ்ப்பாணத்து இராணுவக் காவலரண்களை, இறங்கி, அடையாள அட்டையைப் பிடித்தபடி நடந்துதான் கடக்க வேண்டும் என்பதெல்லாம் நான் பின்னாளில் அறிந்தது. என்னைப் பெறுவதற்கு முன்பே சிட்னிக்கு வந்துவிட்ட அம்மா ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கினார் என்றும் யோசிக்கவில்லை. கார் நகர்ந்ததும் சட்டம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன்.

"மாமி, இங்க இறங்கத் தேவையில்லை. காருக்குள்ள இருந்தே ஊதலாம்."

மாமி கண்ணாடியில் பின்னால் பார்த்து, சிக்னல் போட்டு, நிதானமாக அடுத்த வரிசைக்கு மாறினார்.

"அப்ப நீ ஏன்டா இறங்கினனீ?"